'ரன்அவே' கேட்டாயிற்று, அடுத்து அரோராவின் எந்த ஆல்பம்?

'ரன்அவே' பாட்டை யாரோ போட்ட முப்பது விநாடி ரீலில் கேட்டு, பிடித்துப்போய், முழுப் பாட்டையும் தேடி எடுத்து நாலைந்து தடவை கேட்டுவிட்டு, சரி அப்புறம் என்ன கேட்பது என்று தெரியாமல் நிற்பவர்கள் என்னைச் சுற்றி நிறைய இருக்கிறார்கள். பாடியவர் நார்வேயின் அரோரா அக்ஸ்னெஸ், மேடைப் பெயர் வெறும் அரோரா. 2016இலிருந்து 2024 வரை ஐந்து ஆல்பங்கள் போட்டிருக்கிறார், ஐந்தும் ஐந்து விதம். அதிகம் ஓடும் பாட்டுகளை மட்டும் பொறுக்கிக் கேட்டால் தாலாட்டு மாதிரி ஒன்று, ஆடவைக்கிற மாதிரி ஒன்று, பழைய சினிமாக் காதல் பாட்டு மாதிரி ஒன்று என்று கலந்துகட்டி வரும், இவர் என்னதான் பாடுகிறார் என்று குழம்பி மூடிவிடுவோம். முழு ஆல்பமாக, வரிசை மாற்றாமல் கேட்டால்தான் அவர் பிடிபடுவார். அப்படிக் கேட்பதென்றால் எதிலிருந்து தொடங்குவது என்பதுதான் கேள்வி.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2018 செப்டம்பரில் வந்த இரண்டாவது ஆல்பம், 'இன்ஃபெக்ஷன்ஸ் ஆஃப் எ டிஃபரன்ட் கைண்ட்'. எட்டே பாட்டு, அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. பெரும்பாலானவர்கள் 2016இல் வந்த முதல் ஆல்பத்தைத்தான் கைகாட்டுவார்கள், 'ரன்அவே' அதில்தான் இருக்கிறது என்பதால் அது நியாயமும்கூட. நானும் அப்படித்தான் தொடங்கினேன், அதனால் என்ன ஆயிற்று என்பதைக் கீழே சொல்கிறேன். எல்லோருக்கும் ஒரே பதில் பொருந்தாது என்பதும் உண்மை. உங்கள் காது எதற்குப் பழகியிருக்கிறது, எங்கே உட்கார்ந்து கேட்கப்போகிறீர்கள், வரிகளைக் கவனிப்பவரா இல்லை ஓசையில் மிதப்பவரா என்பதை வைத்து இது மாறும், அதனால் ஐந்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடலாம்.

அதற்கு முன்னால் அந்தக் குரலைப் பற்றிக் கொஞ்சம். அரோரா 1996 ஜூன் 15இல் ஸ்டாவாங்கரில் பிறந்தவர், வளர்ந்தது பெர்கனுக்குத் தெற்கே ஓஸ் பகுதியில், காடும் கடலும் வீட்டை ஒட்டியே இருக்கும் நார்வேயின் மேற்குக் கரையில். மூன்று பெண்களில் கடைக்குட்டி. பரணில் கிடந்த மின்பியானோவில் ஆறு வயதில் தானாகவே வாசிக்கத் தொடங்கியவர். எழுதுவது பெரும்பாலும் ஆங்கிலத்தில். குரல் மெல்லியது, உயரமானது, அதிகம் நடுங்காமல் நேராக நிற்கும், அந்த ஒற்றைக் குரலையே பல அடுக்காகப் பதிவு செய்து ஒரு சேர்ந்திசைக் குழு மாதிரி ஆக்கிவிடுவார். உங்கள் வீட்டில் சின்னக் குழந்தைகள் இருந்தால் இந்தக் குரலை ஏற்கெனவே பல தடவை கேட்டிருப்பீர்கள். 'ஃப்ரோசன் 2' படத்தில் எல்சாவைத் தூரத்திலிருந்து கூப்பிடுகிற அந்த நாலு ஸ்வரக் குரல் அரோராவுடையது. ஸ்காண்டிநேவிய மலைச்சரிவுகளில் மேய்ச்சலுக்குப் போன மாடுகளைப் பெண்கள் கூப்பிடும் 'குல்னிங்' என்ற முறையிலிருந்து எடுத்தது அது. ரொம்பத் தொலைவு போக வேண்டும் என்பதற்காகவே உச்சத்தில், கத்தலும் பாட்டும் சேர்ந்த மாதிரி எழும் குரல். இதை மனதில் வைத்துக்கொண்டு ஆல்பங்களுக்குள் போனால், எங்கெல்லாம் அவர் அந்தக் கூப்பிடும் குரலை எடுக்கிறார், எங்கெல்லாம் அதை விட்டுவிட்டு சின்த் என்ற மின்னணுக் கீபோர்டு ஓசைப் பக்கம் போகிறார் என்பது பிடிபடும். எனக்கு ஐந்தையும் பிரித்துக் காட்டிய அடையாளமே அதுதான்.

முதல் ஆல்பம், 'ஆல் மை டீமன்ஸ் கிரீட்டிங் மீ ஆஸ் எ ஃப்ரெண்ட்', 2016 மார்ச்சில் வந்தது. என்னுடைய பேய்களெல்லாம் தோழரைப்போல வந்து வணக்கம் சொல்கின்றன என்று பெயரிலேயே சொல்லிவிடுகிறார், உள்ளே இருப்பதும் அதுதான், பயத்தை விரட்டாமல் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்வது. அப்போது அவருக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. பன்னிரண்டு பாட்டு. 'ரன்அவே'யின் முதல் வடிவத்தை எழுதியபோது அவர் பள்ளிச் சிறுமி, பாட்டாக வெளிவந்தது 2015இல், டிக்டாக்கில் பற்றிக்கொண்டது 2021இல். ஒரு பாட்டு ஆறு வருடம் கழித்து இன்னொரு தலைமுறைக்குப் புதுப்பாட்டாகப் போய்ச் சேர்ந்தது. அமெரிக்கப் பாடகி பில்லி ஐலிஷ், தான் பாட்டுப் பக்கம் வந்ததற்கு இந்தப் பாட்டின் வீடியோவும் ஒரு காரணம் என்று சொல்லியிருக்கிறார்.

இந்த ஆல்பத்தின் பலமே பலவீனமும். 'ரன்அவே', 'கான்கரர்', 'ரன்னிங் வித் தி வுல்வ்ஸ்', மூன்றும் முதல் மூன்று இடங்களில் இருக்கின்றன. நான் என்ன செய்தேன் என்றால், மாதக்கணக்கில் இந்த மூன்றையும் கேட்டுவிட்டுத் திரும்ப முதல் பாட்டுக்கே வந்துகொண்டிருந்தேன். ஆல்பத்தைக் கேட்டுவிட்டதாகவே நினைப்பு வேறு. பிறகு ஒருநாள் இரவு ரயிலில் மேல் பெர்த்தில் படுத்திருந்தபோது சிக்னல் இல்லை, டவுன்லோட் செய்து வைத்திருந்தது இது ஒன்றுதான், தூக்கக் கலக்கத்தில் தள்ளாமல் அப்படியே ஓடவிட்டேன். ஏழாவது பாட்டு 'த்ரூ தி ஐஸ் ஆஃப் எ சைல்ட்' வந்தபோது எழுந்து உட்கார முடியாத அந்த இடுக்கில் தலையைத் தூக்கி, என்ன பாட்டு இது என்று பெயரைப் பார்த்தேன். உலகத்தைத் திரும்பவும் ஒரு குழந்தையின் கண்ணால் பார்க்க முடிந்தால் என்று ஏங்கும் பாட்டு, பெரிதாக எதுவும் நடக்காது, குரல் மட்டும் மெல்ல மெல்ல ஏறும். 2025இல் வந்த 'அடலசென்ஸ்' என்ற பிரிட்டிஷ் தொடரை முடித்தவர்களுக்கு, அப்பா மகனின் படுக்கையறையில் உடைந்துபோகும் அந்தக் கடைசிக் காட்சியோடு இது ஒட்டிக்கொண்டிருக்கும். அதே இரண்டாம் பாதியில்தான் 'மர்டர் சாங்' இருக்கிறது. ஐந்திலிருந்து ஒன்று வரை எண்ணிக்கொண்டே, தன்னைக் கொன்றவன் இரக்கத்தால்தான் கொன்றான் என்று செத்தவளே சொல்லும் பாட்டு, மெட்டோ கேட்டால் தொட்டில் ஆட்டும் மெட்டு. 'ஐ வென்ட் டூ ஃபார்' அன்புக்காக மண்டியிட்டுக் கெஞ்சிய இடத்திலிருந்து எழுந்து வருகிறவளின் பாட்டு, ஆனால் கேட்கும்போது கால் தாளம் போடும். சோகத்தைத் துள்ளலில் வைப்பது அவருக்கு அப்போதே கைவந்திருந்தது.

ஆக, 2016 ஆல்பத்தை எடுக்கலாம், ஒரு நிபந்தனையோடு: ஏழாவது பாட்டிலிருந்து தொடங்கிப் பன்னிரண்டு வரை போய், அப்புறம் முதலுக்கு வாருங்கள். வரிசை மாற்றாமல் கேட்க வேண்டும் என்று மேலே சொன்னேன், இது ஒன்றுதான் விதிவிலக்கு. 'ரன்அவே' நம்மைப் பிடித்து இழுத்து நிறுத்திவிடுகிற அளவுக்கு வலுவான பாட்டு.

இப்போது 2018. அந்த ஆல்பத்தின் பெயருக்குப் பின்னால் 'ஸ்டெப் 1' என்று இருக்கும், 2019இல் வந்த அடுத்தது 'ஸ்டெப் 2'. முன்கூட்டிப் பெரிய விளம்பரம் எதுவும் இல்லாமல் திடீரென்று விட்ட ஆல்பம். இதிலிருந்துதான் தயாரிப்பிலும் அவருடைய கை தெரிய ஆரம்பிக்கிறது, அது காதிலேயே கேட்கும். முதல் ஆல்பத்தில் குரல் முன்னால் நிற்கும், இசை பின்னால் மூடுபனி மாதிரி இருக்கும். இதில் குரலே இசைக்கருவி. வயலின் வர வேண்டிய இடத்தில் நாலு அரோரா, தாளம் மாற வேண்டிய இடத்தில் எட்டு அரோரா. ஹெட்போனில் கேளுங்கள், இடது காதில் ஒரு குரல் மூச்சு இழுக்கும், வலது காதில் இன்னொன்று அந்த மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே போகும், நடுவில் முரசு மாதிரி டிரம்ஸ். போன் ஸ்பீக்கரில் வைத்தால் இதில் பாதி காணாமல் போய்விடும்.

முதல் பாட்டு 'குவீன்டம்'. ராணியின் ராஜ்ஜியம். அங்கே ஒதுக்கப்பட்டவர்கள்தான் சிங்கங்கள், பேசாதவர்கள்தான் பாடகர் குழு, பெண்கள்தான் படை. கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு, கூட்டத்தில் ஓரமாக நிற்பவர்களுக்கு ஒரு தேசிய கீதம் எழுதினால் இப்படித்தான் இருக்கும். 'சர்ச்யார்ட்' அதிகாரத்தைக் கெட்டவிதமாகப் பயன்படுத்தும் ஆண்களைப் பற்றியது, 'இட் ஹாப்பண்ட் கொயட்' அதைவிட இருட்டானது, நடந்ததைச் சத்தம் போட்டுச் சொல்லாமல் பெயருக்கேற்றபடி அமைதியாகச் சொல்லி நம்மை உறையவைக்கும். 'ஆல் இஸ் சாஃப்ட் இன்சைட்' ஐந்து நிமிடப் பாட்டு, மெல்லத் தொடங்கி, இதற்குமேல் போகாது என்று நினைக்கும்போது இன்னும் ஒரு படி ஏறும். எட்டுப் பாட்டிலும் தள்ளிவிட ஒன்றுகூட இல்லை என்பது என் முடிவு, மற்ற நாலு ஆல்பத்தைப் பற்றியும் இதை என்னால் சொல்ல முடியாது.

இதை நான் முதலில் கொடுக்கச் சொல்வதற்குக் காரணம் அளவு மட்டும் கிடையாது. அரோராவிடம் நாம் கேட்கப் போவதெல்லாம் இதில் வந்துவிடுகிறது: கூப்பிடும் குரல், ஆட்டம், இருட்டு, ஆறுதல், கடைசியில் பிரார்த்தனை மாதிரி ஒன்று. இதைக் கேட்டுவிட்டு முன்னால் போனால் முதல் ஆல்பத்தின் மூடுபனிக்குள் என்ன இருந்தது என்று புரியும், பின்னால் வந்தவற்றுக்குப் போனால் இந்த எட்டில் எந்தப் பாட்டின் விதை அங்கே முளைத்தது என்று தெரியும். அரை மணி நேரம் என்பதும் சின்ன விஷயமில்லை, ஆபீஸ் போகிற வழியில் முடிந்துவிடும், வீடு திரும்பும்போது இன்னொரு தடவை கேட்கலாம்.

2019 ஜூனில் வந்த 'எ டிஃபரன்ட் கைண்ட் ஆஃப் ஹ்யூமன்' தனியாக முதலில் கேட்க வேண்டிய ஆல்பம் அல்ல, இது அதன் குறை என்று சொல்லவில்லை, ஸ்டெப் 2 என்று அவரே போட்டிருக்கிறார். 2018 ஆல்பம் ஒரு மனிதரின் மனசுக்குள் நடக்கிறது என்றால் இது வெளியே, ஊருக்குள், பூமியைப் பற்றி நடக்கிறது. பதினொரு பாட்டு, சத்தம் கூடுதல், டிரம்ஸ் இன்னும் கனம். 'தி ரிவர்' அழுகையை அடக்கி வைக்காதே, ஆற்றைப்போல ஓடவிடு என்கிறது. 'தி சீட்' கடைசி மரம் விழுந்து ஆறெல்லாம் நஞ்சான பிறகு பணத்தைத் தின்ன முடியாது என்று சொல்லும் பாட்டு, கோரஸ் வரும்போது ஒரு ஊர்வலத்துக்கு நடுவே நிற்பது போல இருக்கும். சுற்றுச்சூழல் பாட்டு என்றாலே பள்ளி விழா ஞாபகம் வருகிறவர்களுக்கு இதை முதலில் போட்டுக்காட்டுவேன். ஆல்பத்தின் பெயரையே கொண்ட பெயர்ப்பாட்டும் கடைசிப் பாட்டு 'மதர்ஷிப்'பும் சேர்ந்து, நீ இந்த உலகத்துக்கானவள் இல்லை, வா போகலாம் என்று வானத்திலிருந்து யாரோ வந்து அழைத்துப்போகும் கதை. உடற்பயிற்சிக்கோ ஓட்டத்துக்கோ பாட்டு வேண்டும் என்றால் மட்டும் இதிலிருந்தே தொடங்கலாம், 'அனிமல்', 'டேட்ரீமர்' இரண்டும் காலை நகர்த்திவிடும். நடுவில் ஒன்றிரண்டு பாட்டு எனக்கு ஒட்டவே இல்லை.

2022 ஜனவரியில் 'தி காட்ஸ் வீ கேன் டச்'. பலரும் இதை முதலில் கொடுக்கச் சொல்வார்கள், அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை, ஏனென்றால் வழக்கமான பாப் கேட்டுப் பழகிய காதுக்கு ஐந்தில் மிக எளிதாகத் திறக்கும் கதவு இதுதான். பதினைந்து பாட்டு. ஹார்டாங்கர் கடல்நுழைவை ஒட்டி ரோசெண்டால் என்ற ஊரில் 1665இல் கட்டி முடித்த ஒரு பழைய மாளிகை இருக்கிறது, அங்கே தங்கிப் பதிவு செய்தார்கள். கிரேக்கப் புராணத்தை எடுத்துக்கொண்டு, மனிதர்களைப் போலவே ஆசைப்பட்டு, பொறாமைப்பட்டு, தப்புச் செய்யும் கடவுள்கள் எங்கே, உடம்பையும் ஆசையையும் பாவம் என்று சொல்லிக்கொடுத்த பிற்காலம் எங்கே என்று கேட்கிற ஆல்பம். சாமி வந்து ஆடுவதையும் சாமிக்குக் கோபம் வருவதையும் பார்த்து வளர்ந்த நமக்கு, தொட்டுவிடக்கூடிய தெய்வங்கள் என்ற பெயருக்கு விளக்கம் வேண்டாம்.

'க்யூர் ஃபார் மீ' இதில் எல்லோருக்கும் தெரிந்த பாட்டு. தன்பால் ஈர்ப்பை நோய் மாதிரி நினைத்து 'சரிசெய்ய' சிகிச்சை கொடுக்கும் கொடுமை பல நாடுகளில் சட்டப்படியே நடப்பதைப் பார்த்து எழுதியது, எனக்கு மருந்து தேவையில்லை என்று சிரித்துக்கொண்டே ஆடும் பாட்டு. கோபத்தைக் கத்தாமல் இடுப்பை ஆட்டிக்கொண்டே சொல்வது அவ்வளவு சுலபம் இல்லை. 'எக்ஸிஸ்ட் ஃபார் லவ்' அதற்கு நேர் எதிர்ப்பக்கம், கிடாரும் வயலின்களும், கறுப்பு வெள்ளைப் படத்திலிருந்து இறங்கி வந்தது போல ஒரு காதல் பாட்டு, கடைசியில் சொற்களை விட்டுவிட்டுக் குரல் மட்டும் உயரே போய்த் திரும்பும் இடத்தை நான் எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. பிரெஞ்சுப் பாடகி பொம் சேர்ந்து பாடிய 'எவ்ரிதிங் மேட்டர்ஸ்'ஸும் அப்படித்தான், மெதுவாகத் தொடங்கி வேறெங்கோ கொண்டுபோய் விடும்.

எனக்கு இந்த ஆல்பத்தில் உள்ள குறை, பின்பாதி கொஞ்சம் இழுக்கிறது. பதினைந்தைப் பன்னிரண்டாக்கியிருந்தால் இந்தக் கட்டுரையின் பதிலே மாறியிருக்கும். இன்னொன்று, அந்த மாடு கூப்பிடும் காட்டுக்குரல் இதில் ரொம்பப் பக்குவப்பட்டு, அழகாகிவிடுகிறது. சிலருக்கு அதுவே வேண்டியிருக்கும். வீட்டில் எல்லோரும் இருக்கும்போது, யாரும் முகம் சுளிக்காமல் ஸ்பீக்கரில் ஓடவேண்டும் என்றால் தயங்காமல் இதைப் போடுங்கள்.

2024 ஜூனில் வந்த 'வாட் ஹாப்பண்ட் டு தி ஹார்ட்?' பதினாறு பாட்டு, ஒரு மணி நேரத்தை ஒட்டி வரும். இதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். நல்ல ஆல்பம், சில இடங்களில் அவருடைய உச்சம், ஆனால் அவரை ஏற்கெனவே நேசிப்பவர்களுக்கானது. நெஞ்சில் ஏதோ அறுந்துபோய், அதைத் தானே தைத்துக்கொள்ளும் ஒருத்தியின் குரல் இதில் கேட்கிறது. 'சம் டைப் ஆஃப் ஸ்கின்' இந்த உலகத்தைத் தாங்க ஒரு தோல் வளர்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது, 2016இல் பேய்களோடு தோழமை பேசிய அதே பெண் இப்படிச் சொல்வதைக் கேட்கும்போது இடையில் போன எட்டு வருடமும் தெரிகிறது, முதலிலேயே இதைக் கேட்டால் அந்த வலி வராது. 'ஸ்டார்வேஷன்' பாதிக்கு மேல் டெக்னோவாக, கிளப்பில் ஆடுகிற மின்னணு இசையாக மாறி அடிக்கும். அவர் அந்தப் பக்கம் போவது புதிதும் அல்ல, 2019இல் பிரிட்டிஷ் மின்னணு இசை ஜோடி கெமிக்கல் பிரதர்ஸின் 'நோ ஜியாகிரஃபி' ஆல்பத்திலேயே பாடியிருக்கிறார்.

அரோராவே வேண்டாம், நார்வேயிலிருந்து நேரடியான, பெரிய கோரஸ் வைத்த பாப் ஆல்பம் ஒன்று வேண்டும் என்பவர்களும் உண்டு. அவர்கள் சிக்ரிட் பக்கம் போகலாம். அதே 1996இல் பிறந்தவர், அதே மேற்குக் கரை, ஓலசுண்ட் நகரம். 2019 மார்ச்சில் வந்த அவருடைய முதல் ஆல்பம் 'சக்கர் பன்ச்' முதல் கேட்பிலேயே பிடித்துவிடும். பாட்டு எழுத உட்கார்ந்த இடத்தில் தன்னைச் சின்னப் பெண் என்று மட்டம் தட்டிய மூத்தவர்களுக்குப் பதிலாக எழுதிய 'டோன்ட் கில் மை வைப்' அதில்தான் இருக்கிறது. சிக்ரிட் உங்களைப் பார்த்து நேராகப் பேசுவார், அரோரா காட்டுக்குள்ளிருந்து கூப்பிடுவார். எனக்கு இரண்டும் வேண்டும், ஒன்றுதான் என்றால் கூப்பிடுகிறவரிடம்தான் போவேன்.

பரிசாக ஒரு எல்பி இசைத்தட்டு வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று ஒருவர் கேட்டார், பெறப்போவது பதினைந்து பதினாறு வயதுப் பெண். அங்கே என் பதில் 2016. அந்த வயதில் தனக்கு மட்டும்தான் இப்படியெல்லாம் தோன்றுகிறது என்று நினைப்பவர்களுக்கு, கிட்டத்தட்ட அதே வயதில் எழுதியவரின் குரல் போய்ச் சேர வேண்டும். எல்பியில் இன்னொரு வசதியும் உண்டு, நான் சொன்ன அந்த ஏழாவது பாட்டுக்கு நேரே போக ஊசியைத் தூக்கி வைத்தால் போதும். பத்து வயதுக்கும் குறைந்த குழந்தைகளுக்கு என்றால் 'மர்டர் சாங்', 'இட் ஹாப்பண்ட் கொயட்' இரண்டையும் நீங்கள் முதலில் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள், மெட்டு இனிமையாக இருப்பதால் வரிகள் எங்கே போகின்றன என்பது சட்டென்று தெரியாது. குழந்தைகளோடு சேர்ந்து கேட்க 'ரன்னிங் வித் தி வுல்வ்ஸ்' நல்ல தொடக்கம், 2020இல் வந்த 'வுல்ஃப்வாக்கர்ஸ்' அனிமேஷன் படத்துக்காக அதைப் புதிதாகப் பாடியிருக்கிறார். ஓநாய்ப் பெண்கள் காட்டில் ஓடும் காட்சி, குழந்தைகள் கூடவே ஓடுவார்கள்.

மற்றபடி, 'ரன்அவே' மட்டும் கேட்டுவிட்டு நிற்பவருக்கு 2018தான். ராத்திரி, ஹெட்போன், ஷஃபிளை அணைத்துவிட்டு. எட்டாவதாக வரும் பெயர்ப்பாட்டில் அவர் உலகத்தின் துயரத்தை நம்முடைய பாடாக எடுத்துக்கொள்ள வேண்டிய நேரம் வரவில்லையா என்று கேட்பார், ஒற்றைக் குரலில் தொடங்கிய கேள்விக்குக் கொஞ்சம் கொஞ்சமாக நிறையக் குரல்கள் வந்து சேரும். அது முடிந்ததும் ஆப் தானாக வேறு ஏதாவது பாட்டைத் தொடங்கிவிடும், அந்த ஆட்டோப்ளேயை முன்பே நிறுத்தி வைத்துவிடுங்கள். மறுநாள் காலையில் 'தி ரிவர்'.